பிக்கப் இல்லாத சின்ன கார்: டர்போவிலும் டர்போ இல்லாத இஞ்சினிலும் கோளாறு பிடிக்கும் வழி

"அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஒரு டர்போ மாட்டிடலாமா?" தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வருகிற தம்பிகள் பலர் பேச்சைத் தொடங்குவதே இப்படித்தான். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த வண்டியை மூன்று வருடம் ஓட்டியவர்களும் வருகிறார்கள்: "வாங்கினப்ப இருந்த இழுவை இப்ப இல்ல, ரீமேப் போட்டா சரியாகுமா?" டர்போ என்பது காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. ரீமேப் என்பது இஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை (அதைத்தான் மேப் என்போம்) மாற்றி எழுதுவது. இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். கம்பெனி கொடுத்த சக்தி முழுசாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம். குறைந்திருந்தால் போனதைத் திரும்பக் கொண்டுவருவோம். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மேலே செலவு செய்வதைப் பற்றிப் பேசலாம்.

வட சென்னையில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூள், சாம்பல். மணலி சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கண்டெய்னர் டிரெய்லர்கள் கிளப்புகிற புழுதி. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக் காற்று. இதோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஊர்கிற ஓட்டம். வண்டியோடு வரும் புத்தகத்தில் புழுதி, நெரிசல் ஓட்டத்துக்கென்று தனி சர்வீஸ் கணக்கு பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நம் வண்டிகளுக்கு அந்தக் கணக்குதான் பொருந்தும்.

டர்போ இல்லாமல் தானாகக் காற்றை இழுக்கும் இஞ்சினைப் பட்டறையில் என்ஏ என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பேச்சு முழுக்க பெட்ரோல் வண்டி பற்றியது.

கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் போனில் காட்டும் ஓபிடி ஸ்கேனர், நல்ல டார்ச், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். இவ்வளவு போதும்.

ஸ்கேனரில் மேப் சென்சார் என்ற எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அதாவது மேனிஃபோல்டில், உள்ள காற்றழுத்தம் அது; ரீமேப்பில் வரும் மேப் வேறு. சாவியைப் போட்டு, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும். நம் ஊர் கடல் மட்டம், அதனால் அதுதான் வெளிக்காற்றின் அழுத்தம். சூடான இஞ்சின் ஐடிலில், ஏசி அணைத்திருக்கும்போது 30 முதல் 40 வரை. என்ஏ வண்டியில் முழுசாக மிதித்தாலும் எண் 100-ஐத் தொட்டு நின்றுவிடும், தாண்டாது. டர்போ வண்டியில் மூன்றாம் கியரில் 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் முழுசாக மிதித்தால் 150-ஐத் தாண்ட வேண்டும். பல வண்டிகளில் 180, 200 வரை போகும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள்.

அறிகுறி 1: மிதித்தால் மந்தமாக இருக்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை

*எந்த வண்டியாக இருந்தாலும் முதலில்*

டயர் காற்று. அப்புறம் பிரேக். கடலோரமாக வண்டி நிறுத்துகிறவர்களுக்கு பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் (ஊசி) துருப்பிடித்து பிரேக் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஐந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் இஞ்சினை விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தைக் கவனியுங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர். மேலே பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடாதீர்கள். வெளியே எடுத்து, மடிப்புகளை விரித்து, கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். அத்திப்பட்டு பக்கம் வேலைக்குப் போய்வருகிறவருடைய ஃபில்டரை ஒருமுறை பழைய செய்தித்தாள் மேல் தட்டினேன். கொட்டியது மண் நிறத்தில் இல்லை, கறுப்பு. விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டிக்கொண்டது. ஃபில்டர் போட்டு ஏழாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. புதுசு போட்டதும் வண்டி பாதி சரியாகிவிட்டது. காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடும் பழக்கத்தை விடுங்கள். காகித ஃபில்டரில் அழுத்தமாகக் காற்றடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அந்தத் தூள் உள்ளே போகும். என்ஏ வண்டியில் அது பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். டர்போ வண்டியில் அதற்கு முன்னாலேயே டர்போவின் சக்கரத்தைத் தேய்க்கும்.

*என்ஏ என்றால்*

மிதிக்கும்போது திறந்து காற்றை உள்ளே விடும் திராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றி முனை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் மூன்றாம் கியரில் முழுசாக மிதித்து மேப் எண்ணைக் கவனியுங்கள். 95-க்கு மேல் வருகிறது, ஆனாலும் இழுவை இல்லை என்றால் காற்று வருகிறது. பெட்ரோலோ, தீப்பொறியோ, புகை வெளியேறும் வழியோ தவறு. எண்ணே 85, 88 என்று தவங்கினால் ஃபில்டரிலிருந்து திராட்டில் வரை எங்கேயோ அடைப்பு.

மேலே ஆர்பிஎம் ஏற ஏற மூச்சடைத்த மாதிரி இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். இது நிபுணர் வேலை. முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி பின்னழுத்தம் பார்ப்பார்கள். கன்வர்ட்டரை உடைத்து வெறும் குழாயாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். புகைச் சோதனையில் மாட்டும், ஊர்க் காற்றும் கெடும். நம் பகுதியில் ஏற்கெனவே போதுமான அளவு கெட்டிருக்கிறது.

கடைசியாக கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குச் சிலிண்டர் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. அங்கே உங்கள் வேலை முடிந்தது, நல்ல இஞ்சின் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

*டர்போ என்றால்*

ஓட்டும் முறையைக் கொஞ்சம் பாருங்கள். 2021-இல் வந்த ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் என்ஏ இஞ்சின் 113 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 4,400 ஆர்பிஎம்மில் தருகிறது. வென்யூவின் 1 லிட்டர் டர்போ 172 நியூட்டன் மீட்டரை 1,500-லிருந்தே தருகிறது, ஃப்ராங்ஸின் 1 லிட்டர் டர்போ 147.6-ஐ 2,000-லிருந்து தருகிறது. என்ஏ வண்டியிலிருந்து மாறி வந்தவர்கள், ஓர் இஞ்சினின் பழக்கத்தை இன்னொன்றில் தேடுகிறார்கள். 1,200 ஆர்பிஎம்மில் மூன்றாம் கியரில் போய்க்கொண்டே மிதித்தால் எந்த டர்போவும் உடனே எழாது. ஒரு கியர் குறைத்து மிதியுங்கள். அப்போது சுருக்கென்று போகிறது என்றால் வண்டியில் கோளாறு இல்லை. அப்போதும் போகவில்லை, மேப் எண்ணும் 120, 130-க்கு மேல் ஏறவில்லை என்றால் மூன்றாவது அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச். வேறு எங்கும் தேட வேண்டாம். நான்காம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போகும்போது அழுத்தி மிதியுங்கள். முள் மட்டும் துள்ளி மேலே போனால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. மின்ட், மூலக்கடை நெரிசலில் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ரீமேப் போட்ட டர்போ வண்டியில் இன்னும் சீக்கிரம் வரும். பழைய பிளேட்டுக்கு அந்த முறுக்கைத் தாங்க முடியாது. பெடலில் ஃப்ரீ பிளே (பிடிக்கும் முன் இருக்கும் தளர்வு) சரியாக இருந்தும் வழுக்கினால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், பட்டறைக்குப் போங்கள்.

அறிகுறி 3: மிதிக்கும்போது "ஷ்ஷ்" என்று சத்தம், இழுவை குறைவு (டர்போ)

டர்போ வண்டிகளில் எங்களிடம் அதிகம் வருவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்போ அழுத்துகிற காற்று இன்டர்கூலர் (அழுத்திச் சூடான காற்றைக் குளிர வைப்பது) வழியாக திராட்டிலுக்குப் போகும் வழியில் ரப்பர் ஹோஸ்கள், பிளாஸ்டிக் குழாய்கள், கிளாம்புகள், ஓ ரிங்குகள் இருக்கின்றன. இதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அழுத்திய காற்று ரோட்டுக்குப் போகும். ஐடிலில் எதுவும் தெரியாது. மிதித்தால் மட்டும் சத்தம் வரும்.

*முதல் சோதனை, செலவில்லாதது.* இஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு கிளாம்பாகக் கையால் திருகிப் பாருங்கள். சமீபத்தில் யாராவது இன்டர்கூலரையோ பம்பரையோ கழற்றி மாட்டியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே இழுவை குறைந்தது என்றால் மாட்டியவர் ஏதோ ஒரு கிளாம்பைச் சரியாக உட்கார வைக்கவில்லை.

*இரண்டாவது, டார்ச்.* ஓட்டை விழுந்த ஹோஸ் தன்னைக் காட்டிக்கொடுக்கும். டர்போவிலிருந்து வரும் காற்றில் லேசான எண்ணெய்ப் பசை எப்போதும் இருக்கும். கீறல் வழியே அது வெளியே கசிந்து, அதன் மேல் நம் ஊர்த் தூசி ஒட்டும். சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருக்க, ஓர் இடத்தில் மட்டும் நகக்கீறல் நீளத்துக்கு ஈரமான கறுப்புக் கோடு தெரியும். பெரும்பாலும் கிளாம்புக்கு ஒரு விரல்கடை தள்ளி, ஹோஸ் வளைகிற இடத்தின் அடிப்பக்கம். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடியை நீட்டிப் பாருங்கள், அல்லது போன் கேமராவைக் கீழே விட்டுப் படம் எடுங்கள். ஹோஸைக் கையால் வளைத்தால் அந்தக் கோடு வாய் திறக்கும்.

*மூன்றாவது, சோப்புத் தண்ணீர்.* ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து அரை பாருக்கு மேல் போகாமல் காற்று கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். ரெகுலேட்டர் இல்லாமல் பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேராக மாட்டாதீர்கள். சீல்கள் பிதுங்கிவிடும். தெரியாவிட்டால் இந்தச் சோதனையைப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள், அரை மணி நேர வேலை.

கிழிந்த ஹோஸுக்கு டேப் சுற்றி ஓட்டலாமா என்று கேட்பார்கள். வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரண்டு நாள்கூட நிற்காது.

ஹோஸ் எல்லாம் சரி, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை என்றால் இன்டர்கூலரே ஓட்டையாக இருக்கலாம். பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதால் கல் அடி வாங்கும். அதுவும் சரி என்றால்தான் டர்போவைக் கைவைக்க வேண்டும். குழாயைக் கழற்றி, இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சக்கரத்தின் நடுத்தண்டை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கைகள் சுற்றியுள்ள உலோகத்தில் உரசிய தடம் இருந்தாலோ, வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருள் அது. உடைந்தால் துண்டுகள் இஞ்சின் பக்கம் வரும். டர்போவை அதற்கென்றே இருக்கும் கடையில் பாலன்ஸ் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், வாசலில் உட்கார்ந்து கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை.

அறிகுறி 4: செக் இஞ்சின் விளக்கு எரிந்து, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல் மக்கர் பண்ணுகிறது

வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. இஞ்சினை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும், அதை நம்பிக் கோட்டை விடாதீர்கள். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை அழிக்கும் முன் எழுதி வையுங்கள்.

பி 0299 வந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை: மூன்றாவது அறிகுறியில் சொன்னதை முழுக்கச் செய்யுங்கள், பிறகு வேஸ்ட்கேட், அதாவது டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு. பி 0234 வந்தால் அழுத்தம் அதிகம்: நேராக வேஸ்ட்கேட். கடலோர வண்டிகளில் அதன் கம்பியும் கீலும் துருப்பிடித்து இறுகும். வாக்குவம் வகையாக இருந்தால் சின்ன ரப்பர் ட்யூபில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், கைச்செலவில் முடியலாம். மின் மோட்டார் வகை என்றால் கை வைக்காதீர்கள், மாற்றினாலும் ஸ்கேனர் வைத்து அளவு சொல்லிக்கொடுக்க வேண்டும், அது கம்பெனி சர்வீஸ் வேலை.

பி 0300-லிருந்து பி 0304 வரை வந்தால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போகிறது. டர்போ வண்டியில் லோடு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் வந்தால் பிளக்கில் சந்தேகப்படுங்கள். அழுத்தம் கூடிய காற்றில் தீப்பொறி பாய்வது கடினம். முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், ஐடிலில் நன்றாக எரிந்து மேம்பாலம் ஏறும்போது தோற்றுப்போகும். புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளிதான் சட்டம். டர்போ இஞ்சின்களில் அது பெரும்பாலும் என்ஏ-யைவிடக் குறைவாக இருக்கும். பக்கத்து வண்டி என்ஏ பிளக்கை "ரெண்டும் ஒண்ணுதான்" என்று மாட்டாதீர்கள். பிளக் சரியென்றால் அதற்கு மின்சாரம் தரும் காயிலை ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டு, கோளாறு எண்ணும் கூடவே மாறுகிறதா பாருங்கள். மாறினால் காயில் போயிற்று.

பி 0171 என்றால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது, அல்லது பெட்ரோல் குறைவு. என்ஏ-யில் இன்டேக் கேஸ்கெட்டையும் வாக்குவம் ட்யூப்களையும் பாருங்கள். எண்ணெய் தடவிய பர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்திருக்கும், அதற்கென்று உள்ள க்ளீனரால் மட்டும் கழுவுங்கள்.

அறிகுறி 5: மதிய வெயிலில் ஏசி போட்டு ஏறும்போது கடகடவென்று தட்டுகிறது

ஜல்லியை டப்பாவில் போட்டு ஆட்டிய மாதிரி சத்தம். நாக்கிங் என்போம். சத்தம் வந்தால் உடனே காலைத் தளர்த்துங்கள், கியரைக் குறையுங்கள். டர்போ இஞ்சினில் இதைத் தொடரவிட்டால் பிஸ்டன் உடையும். என்ஏ கொஞ்சம் பொறுக்கும், டர்போ பொறுக்காது.

எளிய காரணத்திலிருந்து வருவோம். எங்கேயோ நிறைத்த பெட்ரோல் சரியில்லாமல் இருக்கலாம். அடுத்த முறை வேறு பங்க்கில், 95 ஆக்டேன் பெட்ரோலில் பாதி டேங்க் நிறைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் தெரிந்தது.

நிற்கவில்லை என்றால் உள்ளே போகும் காற்றின் சூடு. ஸ்கேனரில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் பாருங்கள். வெளியே 38 டிகிரி, ஓட்டத்தில் 50 வரை இருந்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போதே 65, 70 என்றால் காற்றுக்குக் குளிர்ச்சி கிடைக்கவில்லை. டர்போ வண்டியில் இன்டர்கூலரின் முகத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தெருக்களில் நின்றது நினைவிருக்கும். அதில் இறங்கி வந்த ஒரு வண்டி அடுத்த ஏப்ரலில் நாக்கிங்கோடு வந்தது. பம்பரைக் கழற்றினால் இன்டர்கூலர் இதழ்களில் தார் மாதிரி ஒரு படலம், அதன் மேல் நாலு மாதத் தூசி, சில இடங்களில் இதழே தெரியவில்லை. மண்ணெண்ணெய் போடாமல், சாதாரண டிகிரீசரை ஊறவிட்டு, குறைந்த அழுத்தத் தண்ணீரில் உள்பக்கமிருந்து வெளியே கழுவினோம். மூன்று தடவை. பிறகு அதே ரோட்டில், அதே வெயிலில் சத்தம் வரவில்லை. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும், கவனம்.

அதுவும் சரி என்றால் பிளக்கின் வெப்ப எண், பிறகு சிலிண்டருக்குள் கார்பன். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை டர்போ இஞ்சின்களில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது, அங்கே கார்பன் கட்டியாகப் படியும். கேமரா விட்டுப் பார்த்து, மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே நிபுணரைக் கூப்பிடுங்கள். ரீமேப் போட்ட வண்டியாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய மேப்பைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி 6: கோன் ஃபில்டர், ஹெட்டர், பெரிய சைலன்சர் போட்டபின் இழுவை குறைந்துவிட்டது (என்ஏ)

காசைச் சேர்த்துச் சேர்த்து போட்டுவிட்டு, சத்தம் மட்டும் கூடியிருக்கிறதே என்று வருத்தத்தோடு நிற்கும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கும் வருத்தமாக இருக்கும்.

முதலில் கோன் ஃபில்டர். கம்பெனி பாக்ஸ் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் ரேடியேட்டர் ஊதுகிற சூட்டை எடுக்கிறது. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். வெளியே 35, பானெட்டுக்குள் 65 என்றால் கிட்டத்தட்ட 9 சதவீதம். சக்தியும் அதன் கூடவே இறங்கும். அந்த ஃபில்டர் கொடுக்கும் லாபம் இதில் பாதிகூட வராது. சோதனை எளிது: பழைய பாக்ஸை மாட்டி, அதே நேரத்தில், அதே ரோட்டில், அதே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும். பழைய பாக்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சைலன்சர். 1.2 லிட்டர் இஞ்சினுக்கு அளவுக்கு மீறிய பெரிய குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகும். நம் ஓட்டம் முழுக்க 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில்தான். 5,500-க்கு மேல் கிடைக்கும் லாபத்தை மூலக்கடையிலிருந்து பேசின் பாலம் வரைக்கும் எங்கே செலவழிப்பது? இஞ்சினோடு சேரும் புகைக்குழாயான ஹெட்டரின் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் ஆக்ஸிஜன் சென்சார் பொய் சொல்லி பெட்ரோலைக் கூட்டும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்கிறதா பாருங்கள்.

மாட்டியபின் ரீமேப் போட்டால் சரியாகும் என்பார்கள். என்ஏ-யில் ரீமேப் மிதிக்கும் பதிலைச் சுறுசுறுப்பாக்கும், தயக்கத்தைப் போக்கும். அது நிஜமான சுகம், மறுக்கவில்லை. ஆனால் வெளியில் இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் அது உள்ளே இழுக்க முடியாது. 90 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) வண்டியில் நாலைந்து பிஎஸ் வந்தால் நல்ல வேலை. அதே காசை நல்ல பிளக், சுத்தமான இன்ஜெக்டர், புது கிளட்ச், எடை குறைந்த சக்கரம், நல்ல டயர் என்று போட்டால் வண்டி முழுக்க இளசாகிவிடும்.

அறிகுறி 7: புகை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை, பிறகு இல்லை: வால்வு சீல். அவசரம் இல்லை, எண்ணெய் அளவைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சிக்னலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை, டர்போ வண்டி: முதலில் பிசிவி வால்வு (இஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்பக் காற்று வழிக்கு விடுவது), மலிவானது. அடுத்து டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா. அப்புறம்தான் டர்போ சீல். இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசாகப் பசை இருப்பதை வைத்து டர்போவை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கவிழ்த்தால் எண்ணெய் ஊற்ற வேண்டும், அப்போதுதான் பேச்சு. இஞ்சின் எண்ணெயை 10,000 கிலோமீட்டர் வரை இழுக்காமல் 7,000, 7,500-க்குள் மாற்றினால் இந்தத் தொல்லையில் பாதி வராது. செங்குன்றம் பக்கமிருந்து ஜிஎன்டி சாலையில் வேகமாக வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

எப்போதும் நீலப் புகை: ரிங். கம்ப்ரஷன் பார்த்து, இஞ்சின் வேலை.

இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, கூலண்ட் குறைகிறது: ஹெட் கேஸ்கெட். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தபின் மிஸ்ஸிங், அல்லது நின்றுவிட்டது

கணேசபுரம் சுரங்கப்பாதையோ வியாசர்பாடியோ, தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெரும்பாலும் காயில் நனைந்ததுதான். ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குப் போயிருக்கலாம், செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றத் தெரிந்தவர் வரும்வரை காத்திருங்கள். டர்போ வண்டியில் இன்டர்கூலருக்குள் தேங்கிய தண்ணீரையும் வடிக்க வேண்டும். இதை மறந்து ஸ்டார்ட் செய்து, சரியாக ஓடி, முதல்முறை அழுத்தி மிதித்தபோது இஞ்சின் போன வண்டி எங்களிடம் வந்திருக்கிறது.

அறிகுறி 9: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் போதவில்லை

இங்கேதான் "டர்போ மாட்டிடலாமா" என்ற கேள்விக்கு இடம்.

என்ஏ இஞ்சினில் கிட் மாட்ட முடியுமா என்றால் முடியும். ஆனால் டர்போ மட்டும் மாட்டினால் ஆகாது. என்ஏ-யின் கம்ப்ரஷன் விகிதம் பொதுவாக அதிகம், அதன் மேல் அழுத்திய காற்றைத் திணித்தால் நாக்கிங் வரும். அதைத் தாங்கும் பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர், டர்போவுக்கு எண்ணெய் போய்வரும் குழாய், புது மேப், பலமான கிளட்ச், அதன் பிறகு பிரேக். முதலில் சொல்லும் தொகை இரண்டு மடங்காகும். வேறு ஊரில் மாட்டி எங்களிடம் வந்த ஒரு ஹேட்ச்பேக், ஆறு மாதத்தில் ஹெட் கேஸ்கெட், அடுத்து மூன்றாம் சிலிண்டர் பிஸ்டன் என்று போய், கடைசியில் பழைய என்ஏ இஞ்சினையே தேடி வாங்கிப் போட்டோம். போட்டிருந்த பணத்துக்கு அந்தத் தம்பி பழைய டர்போ வண்டி ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, கம்பெனி பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

ஏற்கெனவே டர்போ உள்ள வண்டியில் ரீமேப் நிறையவே கொடுக்கும், அழுத்தத்தைக் கூட்ட இடம் இருக்கிறது. அதற்கு முன் மேலே சொன்ன ஹோஸ், பிளக், இன்டர்கூலர், கிளட்ச் நான்கும் தேறியிருக்க வேண்டும், வாரன்டி முடிந்திருக்க வேண்டும். கசிகிற ஹோஸோடு ரீமேப் போட்டால் டர்போ தன் சக்திக்கு மீறிச் சுற்றிச் செத்துப்போகும். போடுகிறவர் பழைய மேப்பின் நகலைத் தருவாரா, ஓட்டிப் பார்த்து நாக்கிங் எண்ணைக் காட்டுவாரா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்த வண்டியே வாங்கும் யோசனை என்றால், என்ஏ, டர்போ இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் காட்டும் காலி ரோடு வேண்டாம். வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றி, ஏசியை முழுசாக வைத்து, மதியம் இரண்டு மணிக்கு மூலக்கடை மேம்பாலத்தில் இரண்டாம் கியரில் ஏற்றிப் பாருங்கள்.